கனவானும் முண்டாசும்

பொதுக் கூட்டங்களில் பேச எழுந்திருக்கும் பிரசங்கிகள் ஒரு காலத்தில் "சீமாட்டிகளே! கனவான்களே!" என்று ஆரம்பிப்பது வழக்கமாயிருந்தது. கூட்டத்தில் சீமாட்டி என்று சொல்லத்தக்கவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். கனவான்களும் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அப்படி அழைத்ததற்காக யாரும் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை. பிற்பாடு "சகோதர சகோதரிகளே!" வந்தது. கனவான் மெல்ல மேடையிலிருந்து இறங்கிவிட்டார். இறங்கி எங்கே போனார் என்று விசாரித்துப் பார்க்க வேண்டாமா?

"கனவான்" என்ற சொல்லே சற்று வேடிக்கையானது. கனம் உடையவன் கனவான். எந்த இடத்துக் கனம் என்பதைச் சொல் சொல்லவில்லை. நம் ஜனங்கள் பெரும்பாலும் மடியில் உள்ள கனம் என்றே அர்த்தம் செய்து கொண்டார்கள். "ஊரில் நாலு கனவான்களிடம் வசூல் செய்து கோயில் மதிலைக் கட்டி முடித்தோம்" என்று ஒருவர் சொன்னால், அந்த நாலு பேருடைய குணம் எப்படி என்ற விசாரம் நம் மனத்தில் எழுவதில்லை. இங்கிலீஷ்காரர்களுடைய "ஜென்டில்மேன்" என்ற வார்த்தைக்கு நாம் இந்தச் சொல்லை வைத்துக் கொண்டோம். அதில் பெரிய பிசகு ஒன்றும் இல்லை. அவர்கள் தேசத்திலும் அந்த வார்த்தைக்கு ஆதியில் பிறப்பும் நிலமும் பணமுந்தான் பொருளாக இருந்தன.

1577-ஆம் ஆண்டில் வில்லியம் ஹாரிஸன் என்ற பாதிரியார் இங்கிலாந்தைப் பற்றி விரிவான வர்ணனை ஒன்றை வெளியிட்டார். அதில் கனவான் ஆவதற்குரிய வழியை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கைவேலை செய்யாமல் காலம் தள்ளுவதற்கு வசதியும், அந்த வசதியை நாலு பேர் காணும்படி செலவழிக்கும் மனமும் ஒருவனுக்கு இருக்க வேண்டும். பிறகு உரிய இடத்தில் பணத்தைக் கட்டினால் குடும்பச் சின்னம் ஒன்று கிடைக்கும். அன்று முதல் அவன் கனவான். மகாகவி ஷேக்ஸ்பியரின் தந்தையாருக்கு 1596-ல் இத்தகைய சின்னம் கிடைத்தது. அவர் கையுறை செய்து விற்றவர். குமாரர் நாடகத்தில் சம்பாதித்த பணமே இதற்கு உதவியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். "ஹாம்லெட்" எழுதப் போகிற மனிதருக்கும் கனவான் என்று ஒரு காகிதம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாகுபாடு எங்கே அதிக காலம் நிலைத்தது என்று கேட்டால், கிரிக்கெட் மைதானத்தில் என்று சொல்ல வேண்டும். 1806 முதல் 1962 வரையில் "ஜென்டில்மென்" கட்சிக்கும் "பிளேயர்ஸ்" கட்சிக்கும் பந்தயம் நடந்து வந்தது. கூலி வாங்காமல் ஆடுகிறவர் கனவான். வாங்கி ஆடுகிறவர் வெறும் ஆட்டக்காரர். அச்சிட்ட அட்டையில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். மற்றவருக்குப் பின்னால் வரும். உடை மாற்றும் அறையும் வேறு வேறு. இதில் தமாஷ் என்னவென்றால், பிரசித்தி பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ் கனவான் கட்சியில் இருந்து கொண்டே, கூலிக்காரர் எவரையும்விட அதிகமான பணம் ஆட்டத்தில் பார்த்துவிட்டார்!

பிறப்பால் வருவது ஒரு புறம் இருக்கட்டும். பழக்கத்தினால் கனவானை உண்டாக்க முடியுமா? முடியும் என்று நம்பி, சுமார் 30 வருஷ காலம் விடாமல் கடிதம் எழுதினவர் செஸ்டர்பீல்டு பிரபு. மகனுக்கு அவர் செய்த உபதேசங்களைப் படித்தால் நமக்கு மூச்சு முட்டும். எப்படி நடப்பது, எப்படி நிற்பது, எப்படிப் பிறரைச் சந்தோஷப்படுத்திக் காரியத்தைச் சாதிப்பது என்று எல்லாம் அதில் உண்டு. வாய்விட்டுச் சிரிப்பது அநாகரிகம். புன்னகையோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய சட்டம். பிள்ளை 1768-ல் தகப்பனாருக்கு முன்பே காலமாகிவிட்டான். அப்போதுதான் அவனுக்கு ஒரு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு என்ற சமாசாரம் பிரபுவுக்குத் தெரிய வந்தது. 30 வருஷம் எழுதியும், "எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது" என்று தகப்பனாரிடம் சொல்லும் தைரியம் அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. பிரபு காலமானபின் 1774-ல் அந்த மருமகளே கடிதங்களை அச்சுக்குக் கொடுத்துப் பணமாக்கிக் கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிரபுவைப் பற்றி ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். மரணப் படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்த சிநேகிதர் ஒருவர் நின்று கொண்டிருப்பதைக் கண்டு, அவருக்கு நாற்காலி போடச் சொன்னாராம். அதுவே அவருடைய கடைசி வார்த்தை என்று சொல்லுகிறார்கள். கட்டுக் கட்டான கடிதங்களைவிட அந்த நாற்காலி என் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது. கடிதங்களெல்லாம் தான் எப்படி நிற்பது என்பதைப் பற்றியவை. நாற்காலியோ இன்னொருவர் நிற்பதைப் பற்றியது.

இந்த வித்தியாசத்தை ஒரு கதையாகவே எழுதிக் காட்டியவர் சார்லஸ் டிக்கன்ஸ். அந்தக் கதை பிறந்த விதம் வாரப் பத்திரிகை படிக்கும் நேயர்களுக்கு ரஸிக்கும். டிக்கன்ஸ் நடத்தி வந்த வாரப் பத்திரிகையில் வேறொருவர் எழுதிய தொடர்கதை வெளியாகிக் கொண்டிருந்தது. அது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. விற்பனை மளமளவென்று இறங்கிற்று. பார்த்தார் ஆசிரியர், தாமே பேனாவை எடுத்தார். 1860 டிஸம்பரிலிருந்து 1861 ஆகஸ்டு வரையில் வாரா வாரம் வெளிவந்த அந்தக் கதைதான் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்". பத்திரிகை பிழைத்தது. இலக்கியத்துக்கும் ஒரு பொக்கிஷம் சேர்ந்தது.

கதாநாயகன் பிப் தாய் தந்தையற்றவன். கிராமத்துக் கொல்லரான ஜோவுக்கு அவனுடைய தமக்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஜோ படிப்பு வாசனை இல்லாதவர். பிள்ளையிடம் உயிரை வைத்திருப்பவர். ஒரு பணக்கார வீட்டில் எஸ்டெல்லா என்ற சிறுமி பிப்பினுடைய முரட்டுக் கைகளையும் தடித்த பூட்ஸையும் பரிகாசம் செய்கிறாள். அன்று முதல் பையனுக்குத் தன் கையே பிடிக்கவில்லை. தான் கனவான் ஆக வேண்டும் என்ற பைத்தியம் பிடிக்கிறது. ஏறக்குறைய 18 வயதாகும் சமயத்தில், பெயர் சொல்ல விரும்பாத யாரோ ஒருவர் அவனுக்கு ஏராளமான பணம் கொடுத்துக் கனவானாக்கப் போகிறார் என்ற செய்தியுடன் வக்கீல் வருகிறார். பையனை இழப்பதற்கு ஈடாக ஏதேனும் பணம் வேண்டுமா என்று ஜோவிடம் கேட்கிறார். அந்தச் சாது மனிதருக்குக் கோபம் வந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பிப் முதலில் போவது தையற்காரரிடம். "சொத்து வந்திருக்கிறது" என்ற சொல் காதில் விழும் வரையில் தையற்காரர் சாவகாசமாகப் பலகாரம் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார். விழுந்ததும் அவருடைய முதுகு வளைகிற வளைவை டிக்கன்ஸ் வர்ணித்திருப்பதைப் படித்து அநுபவிக்க வேண்டும். புதுச் சட்டை, புது நடை, லண்டன் வாசம் எல்லாம் வருகின்றன. அங்கே ஹெர்பர்ட் என்ற வாலிபன் அறைத்தோழனாக வாய்க்கிறான். முதல் நாள் சாப்பாட்டில் பிப் கத்தியை வாயில் வைக்கிறான். ஹெர்பர்ட் ஒரு பெரிய கதையைச் சொல்லிக் கொண்டே, நடு நடுவில், ஏதோ தனக்கே ஞாபகம் வந்ததுபோல், "இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கம்" என்று நாசூக்காகத் திருத்திக் கொண்டு போகிறான். கதையும் நிற்கவில்லை, பிப்பின் முகமும் சுண்டவில்லை. கையில் காசில்லாத அந்த ஹெர்பர்ட் நிஜமான கனவான். ஆனால் அவனிடமிருந்து கத்தியைப் பிடிக்கும் விதத்தை மட்டுமே பிப் கற்றுக் கொள்கிறான்.

கொஞ்ச காலத்தில் ஜோ லண்டனுக்கு வருகிறார். வளர்த்தவர் வருகிறார் என்று பிப்புக்குச் சந்தோஷமா? இவர் வராமல் இருக்கப்படாதா என்று தவிக்கிறான். ஜோ உள்ளே வருகிறார், கையில் தொப்பியுடன். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கணப்புக்கு மேலே ஓர் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது. ஓடிப் பிடித்து மறுபடியும் வைக்கிறார். மறுபடியும் விழுகிறது. முடிவில் கழுநீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்து தொலைக்கிறது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்து முடிந்த பிறகுதான் வயிற்றில் என்னவோ செய்கிறது.   பிப்பினுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஜோவின் கை நடுங்குகிறது. சில சமயம் "பிப்" என்கிறார். சில சமயம் "ஐயா" என்கிறார். சொல்ல வந்த சேதியைச் சொல்லிவிட்டு, பட்டறைக்கு வெளியே தமக்கு இடமில்லை என்று புரிந்து கொண்டு, மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் எழுந்து போய்விடுகிறார். அப்படிப் போகும்போது அந்த அறையில் கனவான் யார் என்பதைப் பற்றி வாசகருக்குச் சந்தேகம் இருப்பதில்லை.

பணம் கொடுத்தவர் யார் என்ற மர்மமும் பின்னால் உடைகிறது. சிறு வயதில் பிப் ஒரு சமயம் சோறு போட்டுக் காப்பாற்றிய கைதி மாக்விட்ச், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, ஆட்டுப் பண்ணையில் பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. கனவான்களால் மிதிபட்டவன், தன் பங்குக்கு ஒரு கனவானை உண்டாக்கிப் பார்த்திருக்கிறான்! பிப் முதலில் அருவருக்கிறான். ஆனால் பணமும் போய், அந்தக் கிழவன் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்படும் நாளில், குற்றவாளிக் கூண்டின் அருகில் நின்று, ஊரார் பார்க்க அவன் கையைப் பிடித்துக் கொண்டிருக்கிறான். தையற்காரர் தைத்துக் கொடுத்தது அன்றைக்குத்தான் அவனுக்குப் பொருந்திற்று என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு பிப் காய்ச்சலில் விழுகிறான். கடனுக்காகப் பிடித்துப் போகச் சேவகர்கள் வருகிறார்கள். ஜோ வந்து இரவும் பகலும் பணிவிடை செய்கிறார். உடம்பு தேறினதும், ஒரு நாள் விடியற்காலையில் சொல்லாமல் புறப்பட்டுப் போய்விடுகிறார். மேஜையின் மேல் இருந்த ரசீதைப் பார்த்தால், 123 பவுன் சொச்சம் கடன் தீர்ந்திருக்கிறது. நகை வியாபாரிக்குக் கனவான் பட்ட கடனைக் கொல்லர் சம்மட்டி அடித்த காசில் கட்டியிருக்கிறார்.

இது கதை. கதை வெளியாகி 27 வருஷத்துக்குப் பிறகு, பிப்பின் வயதையொத்த ஓர் இந்திய வாலிபர் அதே லண்டனில் வந்து இறங்கினார். 1888-ஆம் வருஷம்; அந்த அக்டோபரில் அவருக்கு 19 வயது நிரம்பிற்று. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்று பெயர். அவர் தம் சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். 1925 முதல் 1929 வரையில் "நவஜீவன்" பத்திரிகையில் வெளியாயிற்று.

மாமிசம் சாப்பிடாத காந்தியை ஒரு சிநேகிதர் பெரிய ஹோட்டலுக்கு விருந்துக்கு அழைத்துப் போனார். சூப் வந்தது. அதில் மாமிசம் கலந்திருக்கிறதா என்று கேட்பதற்காகப் பரிசாரகனைக் கூப்பிட்டார் காந்தி. "சபையில் நடந்து கொள்ளத் தெரியாதவர் வெளியே போகலாம்!" என்ற தோரணையில் சிநேகிதர் சீறி விழுந்தார். காந்தி வெளியே போனார், அருகிலிருந்த சைவச் சாப்பாட்டுக் கடை மூடியிருந்தது, இராப் பட்டினி. ஆனாலும் சிநேகிதர் மேல் அவருக்குக் கோபம் இல்லை. சாப்பாட்டில் சேர முடியாவிட்டாலும் மற்ற விஷயங்களில் நாகரிகமடைந்து அவரைத் திருப்தி செய்வது என்று தீர்மானித்தார். அப்புறம் நடந்தவை வெகு ரஸமானவை. 19 ஷில்லிங்கில் புகைபோக்கி மாதிரி உயரமான தொப்பி; பாண்டு தெருவில் 10 பவுனுக்கு மாலை நேர உடை; தமையனாருக்கு எழுதி வரவழைத்த இரட்டைவடத் தங்கச் சங்கிலி; தினந்தோறும் கண்ணாடிக்கு முன்னால் 10 நிமிஷம் கழுத்துப் பட்டியோடும் படியாத தலைமயிரோடும் துவந்த யுத்தம். நடனம் பயில 3 பவுன் கட்டினார். பியானோ ஒரு பக்கம் போயிற்று. கால் ஒரு பக்கம் போயிற்று. காதைப் பழக்குவதற்காகப் பிடில் வாங்கினார், அதற்கும் 3 பவுன். பேச்சுக் கலைக்கு வேறு ஒரு வாத்தியார். எலிக்காகப் பூனை, பூனைக்காகப் பசு, பசுவுக்காக ஆள் என்று குடும்பி ஆகிவிட்ட சந்நியாசியின் கதையை அவரே இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறார்.

மூன்று மாத காலம் இந்த மயக்கம் இருந்தது. பிறகு, தாம் வந்தது படிப்பதற்கு என்று நினைவு வந்தது. நடத்தையினால் கனவான் ஆக முடிந்தால் ஆகலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவு செய்து, பிடிலை என்ன விலைக்காவது விற்றுத் தரும்படி, கற்றுக் கொடுத்த அம்மாளிடமே கேட்டுக் கொண்டார். உடையில் மட்டும் கண்டிப்பு இன்னும் பல வருஷம் இருந்தது.

1893-ல் பாரிஸ்டர் காந்தி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது தலையில் இருந்தது நம் தேசத்துத் தலைப்பாகை. கோர்ட்டில் மாஜிஸ்டிரேட்டு அதை எடுக்கச் சொன்னார். எடுக்க மறுத்து காந்தி வெளியேறினார். வம்பு எதற்கு, இங்கிலீஷ் தொப்பியே போட்டுக் கொள்ளலாமா என்ற யோசனையும் வந்தது. கட்சிக்காரரான அப்துல்லா சேட், "அப்படிச் செய்தால் உம்மை ஹோட்டல் பரிசாரகன் என்றல்லவா நினைப்பார்கள்!" என்று சொல்லித் தடுத்தார். பரிசாரகனைப் பற்றி இப்படிப் பேசுவதில் சற்றுக் குறுகிய புத்தி இருக்கிறது என்பது காந்தியின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆயினும் தலைப்பாகை நின்றது.

இதற்கு அடுத்த வருஷம் நடந்த சம்பவத்துக்காகவே நான் இவ்வளவும் எழுத வேண்டி வந்தது. கிழிந்த உடையோடு ஒரு மனிதன் காந்தியின் ஆபீஸுக்குள் வந்தான். முன் பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் ஒழுகிக் கொண்டிருந்தது. நடுங்கி அழுது கொண்டு நின்றான். பாலசுந்தரம் என்று பெயர், தமிழன், ஒப்பந்தக் கூலி. எஜமானனான வெள்ளைக்காரன் அடித்த அடி. அவன் சொன்ன தமிழைத் தமிழரான குமாஸ்தா எடுத்துச் சொன்னார். அவன் தன் முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக் கொண்டிருந்தான். வெள்ளைக்காரர் முன் போகும்போது ஒப்பந்தக் கூலிகள் அப்படிச் செய்தாக வேண்டும் என்பது அங்கே கட்டாயம். பாரிஸ்டர் துரைக்கும் அதே மரியாதையைச் செய்ய வேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணியிருக்கிறான்.

காந்திக்கு அது அவமானமாயிருந்தது. முண்டாசைக் கட்டிக் கொள்ளும்படி அவனிடம் சொன்னார். அவன் தயங்கினான். பிறகு கட்டிக் கொண்டான். கட்டிக் கொண்டபோது அவன் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தைத் தாம் கண்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார். பல் உடைந்து ரத்தம் ஒழுகும் வாய். அந்த முகத்தில் சந்தோஷம்! லண்டனில் பிப்பின் அறையில் விழுந்து விழுந்து எழுந்த தொப்பியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நியூமன் பாதிரியாரைப் பற்றி ஒரு வார்த்தை. 1852-ல் டப்ளின் நகரில் சர்வகலாசாலைக் கல்வியைப் பற்றிச் செய்த உபந்நியாசங்களில் கனவானுக்கு ஓர் இலக்கணம் கூறினார். பிறர் மனம் நோக எதுவும் செய்யாதவன் என்பது அதன் சாரம். கற்றோர் உலகத்தில் அது வெகு பிரசித்தம். பலர் அதைப் புகழ்மாலை என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பாதிரியார் அவ்வளவு ஏமாளி அல்லர். இந்த இங்கிதம் மகானிடத்திலும் இருக்கலாம், துன்மார்க்கனிடத்திலும் இருக்கலாம், இதுவே புண்ணியமாகிவிடாது என்றுதான் அவர் எச்சரித்தார். பாலசுந்தரம் வந்த சமயத்தில் இந்த இலக்கணத்தை மட்டும் கற்றவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அன்பாக நாலு வார்த்தை சொல்லி, தண்ணீர் கொடுத்து, "பொறுமையாக இரு, அப்பா!" என்று அனுப்பியிருப்பார். பாலசுந்தரமும் எஜமானனும் இரண்டு பேருமே மனம் நோகாமல் இருந்திருக்கும். மறு நாள் இன்னும் இரண்டு பல் போயிருக்கும்.

காந்தி அவனை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்கு அத்தாட்சி வாங்கினார். நேரே மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துப் போனார். எஜமானனுக்குச் சம்மன் பிறந்தது. ஆனால் அவனைத் தண்டிப்பது அவருடைய நோக்கமல்ல. ஒப்பந்தக் கூலி வேலையை விட்டுப் போனால் சாதாரண வேலைக்காரனைப் போல் சிவில் கோர்ட்டோடு போகாது. அவன் கிரிமினல் குற்றவாளி ஆகிவிடுவான். ஆகையால் பாலசுந்தரத்துக்கு விடுதலை வேண்டுமானால் ஒப்பந்தத்தையே வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்தியர் ஒப்பந்தக் கூலி வைத்துக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காததால் அந்த ஒருவரும் வெள்ளைக்காரராகவே இருக்க வேண்டும். அப்படி ஒருவரைக் காந்தி தேடிப் பிடித்தார். எஜமானனிடமும் தாமே போய், "உம்மைத் தண்டிக்க எனக்கு விருப்பமில்லை, இவனை விட்டுக் கொடுத்தால் போதும்" என்ற முறையில் பேசினார். அவன் இணங்கினான். அடித்தவன் குற்றவாளி என்று கோர்ட்டில் தீர்ப்பும் ஆயிற்று. அடிபட்டவனுக்கு நல்ல எஜமானரும் கிடைத்தார். இதன் பிறகு அந்த ஆபீஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

நம்மில் பலர் பாலசுந்தரத்தின் கதையைப் படித்துவிட்டு, "அந்த வெள்ளைக்காரர்கள் எவ்வளவு பொல்லாதவர்கள்!" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோம். பாலசுந்தரம் எந்த நாட்டிலிருந்து கப்பலேறினான்? நம் கிராமங்களில் மிராசுதார் எதிரே வந்தால் தோளிலிருந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்குவது வழக்கமாயிருந்தது. காலில் செருப்பு இருந்தால் அது கைக்கு ஏறும். கப்பலேறிய எத்தனையோ பேருக்கு டர்பனில் யாரும் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்திராது. அந்த மிராசுகள் போய்விட்டன. மிச்சம் என்ன என்று பார்க்க விரும்புகிறவர்கள், காலை வேளையில் தங்கள் வீட்டு வாசலிலேயே சற்று நேரம் நிற்கலாம். பிள்ளைக்கு டை கட்டவும் இங்கிலீஷில் "தாங்க்ஸ்" சொல்லவும் பழக்கியிருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை, அறுபது வயதுக்காரரான சலவைத் தொழிலாளியைப் பார்த்து, "ஏன் நீ நேற்று வரவில்லை?" என்று அதட்டுகிறது. வீட்டில் உள்ளவர்கள், "பார்த்தீர்களா, என்ன சாமர்த்தியமாகப் பேசுகிறான்!" என்று பூரிக்கிறார்கள். அவரும் சிரித்துக் கொண்டுதான் மூட்டையை இறக்குகிறார். வேறு என்ன செய்வார்? வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குத் தனி டம்ளர் எந்த மூலையில் கவிழ்த்து வைத்திருக்கிறது என்பதும் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

1896-ல் காந்தி இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரத்தின் வரலாறு அந்தச் சபையை உலுக்கிவிட்டது. சபையில் பட்டணத்துக் கனவான்கள் பலர் இருந்திருப்பார்கள். வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், உத்தியோகஸ்தர்கள். நாட்டுப்புறத்தில் நிலம் இருந்தவர்களும் அதில் பலர் இருந்திருப்பார்கள்.

இந்தியாவில் பேசிய பேச்சுக்களைப் பற்றித் திரித்துச் சொன்ன செய்திகள் நேட்டாலுக்குப் போய், அங்குள்ள வெள்ளைக்காரர்களை மூட்டிவிட்டன. 1897 ஜனவரி 13-ல் காந்தி கப்பலிலிருந்து இறங்கி டர்பன் வீதியில் நடந்து சென்றபோது கூட்டம் சூழ்ந்து கொண்டது. கல்லும் அழுகிய முட்டையும் பறந்தன. ஒருவன் அவருடைய தலைப்பாகையைப் பறித்தான். மற்றவர்கள் அடித்தார்கள், உதைத்தார்கள். மயக்கம் வரும் சமயத்தில் அந்த வழியே ஓர் அம்மாள் வந்தாள். போலீஸ் சூப்பரிண்டென்டு அலெக்ஸாண்டரின் மனைவி. வெயில் இல்லை, ஆனாலும் தன் கைக்குடையை விரித்தாள். கூட்டத்துக்கும் காந்திக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் மேல் படாமல் காந்தியை அடிக்க அவர்களால் முடியவில்லை. கனவான் என்பது ஆண்பாற் சொல் என்று இலக்கண நூல் சொல்லுமானால், சொல்லிக் கொள்ளட்டும்.

அடித்தவர்கள் மேல் வழக்குத் தொடரும்படி லண்டனிலிருந்து மந்திரி சேம்பர்லின் தந்தி அடித்தார். நேட்டால் சர்க்காரைச் சேர்ந்த எஸ்கோம்பு, காந்தியை வரவழைத்து, அடித்தவர்களை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். ஒன்றிரண்டு பேரைக் காட்டலாம், ஆனால் யார் மேலும் வழக்கு வேண்டாம் என்றார் காந்தி. யோசித்து, சிநேகிதர்களைக் கலந்து கொண்டு பதில் எழுதினால் போதும் என்று எஸ்கோம்பு சொன்னார். காந்தி ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அங்கேயே எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.